இரண்டு கட்டுரை, ஒரு சைக்கிள் கடை

(இலஞ்சியில் நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வெளிநாட்டில் உயர்கல்வி: வாய்ப்புகளும் வழிமுறைகளும்' என்பது. இது ஒரு பெரிய கல்யாணப் பந்தல் மாதிரியான தலைப்பு. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம். ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது இருபத்தைந்து நிமிடம். வெளியே சாரல் வேறு பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். உங்களில் பாதிப்பேர் மனசு துண்டை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்பது எனக்குத் தெரிகிறது. ஆகவே ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு ஒரு வருஷத்தைத் தின்ற விஷயம்.

போன மாதம் நம் மாணவி ஒருவர், சங்கத்தின் மூலம் என் முகவரியைப் பெற்று, ஒரு கேள்வி எழுதியிருந்தார். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கட்டுரை கேட்கிறார்கள். ஒன்று 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்', அதாவது எதற்காகப் படிக்க வருகிறாய் என்பது. மற்றொன்று 'பெர்சனல் ஹிஸ்டரி', அதாவது நீ யார், எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தாய் என்பது. "சார், ரெண்டும் ஒண்ணைத்தானே கேக்குது? ஒண்ணுல எழுதினதையே கொஞ்சம் மாத்தி இன்னொண்ணுல போட்டா என்ன?" இதுதான் அவர் கேள்வி. கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த மாணவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இப்படித்தான் இரண்டு கேட்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் கல்வி நோக்கம் ஒன்று, தன் வரலாறு ஒன்று. ஃபுல்பிரைட் உதவித்தொகைக்குப் போனாலும் அங்கேயும் படிப்பின் நோக்கம் ஒன்று, சொந்தக் கட்டுரை ஒன்று. இங்கிலாந்தின் செவனிங் உதவித்தொகைக்கு நான்கு கேள்வி: தலைமைப் பண்பு, பிறரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் திறமை, இந்தப் படிப்பு ஏன், திரும்பி வந்து என்ன வேலை. எம்.பி.ஏ. படிக்கப் போகிறவர்களுக்கு, ஹார்வர்டில் 2024 முதல் மூன்று சிறு கட்டுரைகள். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட நம் பழைய மாணவர்களின் பிள்ளைகள், அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதினால், பின்னணியும் எதிர்காலமும் பற்றி மூன்று பக்கம், ஆராய்ச்சித் திட்டம் இரண்டு பக்கம். இளநிலைப் படிப்புக்குக்கூட, இங்கிலாந்தில் 2026-ல் சேர்கிறவர்களிடமிருந்து, பழைய ஒற்றைக் கட்டுரையை மூன்று கேள்வியாக வெட்டிவிட்டார்கள்.

நம்ம பிள்ளை என்ன செய்கிறான்? கல்லூரித் தமிழ் மன்றத்தில் விழா நடத்தினான் அல்லவா, அந்த ஒரு விழாவைத் தலைமைப் பண்பிலும் போடுகிறான், தொடர்புத் திறமையிலும் போடுகிறான், படிப்பு ஏன் என்பதிலும் போடுகிறான். படிக்கிறவர் நாலாவது தடவை அந்த விழாவுக்குப் போகும்போது பாயசம் தீர்ந்து போயிருக்கும்.

சிரிக்கிறீர்கள். நான் செய்தது இதைவிட மோசம்.

1995-ஆம் வருஷம் நான் விண்ணப்பித்தேன். இன்றைய மாணவர்களுக்கு அந்தக் காலம் புரிய வேண்டும் என்றால் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவம் வேண்டும் என்றே முதலில் ஏர்மெயிலில் கடிதம் போட வேண்டும். அது வர ஆறு வாரம். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை என்று தெரிந்துகொள்ள, தென்காசியில் கொல்லம் மெயிலைப் பிடித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி எழும்பூர் போய் இறங்கி, அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டிடத்தில் இருந்த யு.எஸ்.இ.எஃப்.ஐ. நூலகத்தில் நாள் முழுக்கக் குறிப்பெடுத்துவிட்டு, அன்று ராத்திரியே திரும்பி வருவேன். அந்த நிறுவனத்துக்குத்தான் இப்போது யு.எஸ்.ஐ.இ.எஃப். என்று பெயர். அந்த மீட்டர் கேஜ் பாதையும் இப்போது இல்லை.

ஒரு விண்ணப்பத்துக்கு ஐம்பது டாலர் கட்டணம். டாலர் முப்பத்தைந்து ரூபாய் சுமாருக்கு வந்துகொண்டிருந்த நேரம். திருநெல்வேலிக்குப் போய் டாலர் டிராஃப்ட் எடுக்க வேண்டும். மூன்று பல்கலைக்கழகத்துக்கு மேல் போட எங்களால் முடியாது. அந்த மூன்றுக்கே அம்மாவின் வளையல் ஒரு ஜோடி அடகுக் கடைக்குப் போயிற்று. என் அப்பா இலஞ்சியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார் என்பது இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். சீசன் வந்தால் அருவிக்குப் போகிறவர்கள் மணிக்கணக்குக்கு எடுத்துப் போவார்கள். மற்ற நாளில் பஞ்சர், ஓவராயில், அவ்வளவுதான் வருமானம்.

அந்த மூன்றில் ஒரு பல்கலைக்கழகம்தான் என் கனவு. உலோகங்களின் களைப்பு பற்றி, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது உலோகம் எப்படி விரிசல் விடுகிறது என்பது பற்றி, அங்கே நல்ல ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இரண்டு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? ஒன்றில் எழுதினேன்: என் தந்தை ஏழை, சைக்கிள் கடை வைத்திருக்கிறார், மழையிலும் வெயிலிலும் உழைத்தார், அவர் கனவை நான் நிறைவேற்ற வேண்டும். மற்றொன்றில் எழுதினேன்: சைக்கிள் கடை வைத்திருக்கும் ஏழைத் தந்தையின் மகனாகிய நான், மழையிலும் வெயிலிலும் அவர் உழைத்ததைக் கண்டு வளர்ந்தேன், அவர் கனவை நிறைவேற்ற வேண்டும். ஆங்கிலம் என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. தென்காசியில் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து ஒரு பிழை இல்லாமல் அடித்து வாங்கினேன்.

தபாலில் சேர்ப்பதற்கு முந்தின ராத்திரி. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, "என்னைப் பத்தி எழுதியிருக்கியாமே, படி, கேப்போம்" என்றார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். முதல் கட்டுரை முடிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முடிந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஏல, ரெண்டுலயும் நான்தான் இருக்கேன். நீ எங்கல இருக்க?" என்றார்.

எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அட்மிஷன் கமிட்டி என்ற வார்த்தையை அவர் கேள்விப்பட்டதில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களுக்கு என்ன தெரியும் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். மறுபடி எழுதி, மறுபடி டைப் அடித்து வாங்க நாளும் இல்லை, காசும் இல்லை. அப்படியே அனுப்பினேன். மார்ச் மாதம் ஒரு மெல்லிய கவர் வந்தது. அந்தக் காலத்தில் கவரின் கனத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். தடியாக இருந்தால் இடம் கிடைத்தது என்று பொருள். மற்ற இரண்டில் ஒன்று இடம் தந்தது, பணம் தரவில்லை. இன்னொன்று பதிலே போடவில்லை. அந்தக் கட்டுரையால்தான் போயிற்று என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். என் மதிப்பெண்ணும் வானத்தைத் தொடவில்லை. ஆனால் ஒரு வருஷம் போனது, வளையல் மூழ்கியது, இரண்டும் நிஜம்.

அடுத்த வருஷம் தனியார் பள்ளி ஒன்றில் பௌதிகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே மறுபடி எழுதினேன். அப்பா கேட்ட கேள்வியை ஒரு தாளில் மேலே எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் கடையில் நான் என்ன செய்தேன்? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்தது. பத்து வயதிலிருந்து வாடகை நோட்டு எழுதியது நான். யார், எத்தனை மணிக்கு எடுத்தார், எந்த வண்டி, எவ்வளவு பாக்கி. ஓவராயிலுக்கு வண்டி வந்தால் ஆக்சிலைக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி வைப்பதும் என் வேலை. அப்போது கோனைத் துடைத்துப் பார்த்தால் சில கோனில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். குண்டு உருளும் தடத்தில் மட்டும் இருக்கும், மற்ற இடம் பளபளவென்று இருக்கும். "ஏன் இங்க மட்டும் குழி விழுது?" என்று அப்பாவிடம் கேட்டதற்கு, "ஓடின இடம்தானே தேயும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. தேய்ந்தால் வழவழப்பாக அல்லவா தேய வேண்டும், ஏன் செதில் செதிலாகப் பெயர்கிறது? முதுகலையில் படிக்கும்போதுதான் தெரிந்தது. உருளும் சுமை திரும்பத் திரும்ப அழுத்தும்போது மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழேயே விரிசல் பிறந்து, மேலே வந்து, சில்லாகப் பெயர்த்துக்கொண்டு போகும். அதைப் பற்றித்தான் என் முதுகலைத் திட்டக் கட்டுரை.

ஆகவே நோக்கக் கட்டுரையில் கோனில் விழுந்த குழி போனது. இரண்டே வரி. அதிலிருந்து நேராகத் திட்டக் கட்டுரை, அதில் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, எந்தக் கருவி இல்லாததால் முடியவில்லை, அங்கே வந்தால் எந்தப் பேராசிரியரின் எந்த ஆராய்ச்சியோடு சேர்ந்து அதைத் தொடரலாம். அப்பா அந்தக் கட்டுரையில் வரவே இல்லை. மற்றொன்றில் வாடகை நோட்டு போனது. பாக்கி வைத்தவர் வீட்டுக்குப் போய்க் காசு கேட்டு நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையன். கேட்காமல் வந்தால் அம்மா அரிசி வாங்க முடியாது, கேட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வாசலில் நின்றாலே தெரிகிறது. நான் என்ன செய்தேன் என்பதை எழுதினேன். என்ன செய்தேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அந்த வீட்டார் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

இரண்டிலும் அதே சைக்கிள் கடைதான். ஆனால் ஒன்றில் இருந்தது மற்றொன்றில் இல்லை. தடியான கவர் வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து, உதவித்தொகையோடு.

இது என் கதை. இதைவிடப் பெரிய கதை ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. ஸ்ரீநிவாச ராமானுஜத்தை எல்லோருக்கும் தெரியும். அவர் பதினோரு மாத இடைவெளியில் எழுதிய இரண்டு விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. முதலாவது 1912 பிப்ரவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு. ஐந்தாறு வாக்கியம்தான். மெட்ரிக்குலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை, கணிதத்திலேயே நேரத்தைச் செலவிட்டு வருகிறேன், வேலை தந்தால் ஒழுங்காகச் செய்வேன். ஒரு சூத்திரம்கூடக் கிடையாது. எஃப்.ஏ.யில் தோற்ற கதையை விரித்து அழவும் இல்லை. குமாஸ்தா வேலை தருகிறவருக்குத் தெரிய வேண்டியது, இவன் கணக்குப் பார்ப்பானா, நம்பலாமா என்பது மட்டும். வேலை கிடைத்தது, மாதம் முப்பது ரூபாய்.

இரண்டாவது 1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு. அதே மனிதர், அதே வாழ்க்கை. துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா, ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. இதெல்லாம் தொடக்கத்தில் சில வரிகளோடு சரி. பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஏழை என்பதும் கடைசியில் ஒரு வரியில் வருகிறது, அதுவும் இவற்றுக்கு மதிப்பு இருந்தால் வெளியிட விரும்புகிறேன் என்பதோடு சேர்ந்து. வயதை மட்டும் சுமார் 23 என்று எழுதினார். அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது. அது ஏன் என்று கேட்காதீர்கள், நீங்கள் விண்ணப்பத்தில் அப்படிச் செய்யவும் செய்யாதீர்கள், பாஸ்போர்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த மாதமே ஹார்டிக்கு மறுகடிதம் எழுதும்போதுதான், பாதி வயிறு பட்டினி என்பதையும், மூளையைக் காப்பாற்றச் சாப்பாடு வேண்டும் என்பதையும், நீங்கள் ஆதரவாக ஒரு கடிதம் எழுதினால் இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை வாங்க உதவும் என்பதையும் எழுதுகிறார். எதை எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் இன்னும் இரண்டு பேருக்கு எழுதினார், பேக்கர், ஹாப்சன். அங்கிருந்து ஒன்றும் நடக்கவில்லை. மெல்லிய கவர் ராமானுஜத்துக்கே வந்திருக்கிறது, நமக்கு வந்தால் என்ன.

பிற்காலத்தில் நானே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும்படி ஆயிற்று. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். ஒரு பையனின் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், இரண்டு கட்டுரை எல்லாம் ஒரே கோப்பில்தான் வரும். ஒரே ஆள் ஒரே மூச்சில் படிப்பார். சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் பத்து கோப்பு முடிக்க வேண்டியவர். முதல் கட்டுரையில் படித்த பத்தி இரண்டாவதில் தலைகாட்டினால் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும். நான் கெட்ட எண்ணத்தோடு தாவியதில்லை, ஆனால் தாவியிருக்கிறேன். அதைவிட நஷ்டம் வேறு. இரண்டு கேள்வி கேட்டதற்கு ஒரு பதில்தான் வந்திருக்கிறது என்றால், ஒரு கேள்விக்குப் பதிலே வரவில்லை என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் பதில் வராத கேள்வி ஆராய்ச்சி பற்றியதாகத்தான் இருக்கும், நம் பிள்ளைகள் விஷயத்தில். அப்பா அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள். எந்தச் சோதனை ஏன் தோற்றது என்று இரண்டு வரி வராது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது அந்த இரண்டு வரி. நாளைக்கு ஐந்து வருஷம் தன் ஆய்வகத்தில் இவனை வைத்துக்கொள்ளப் போகிறவர் அவர்.

சில இடங்களில் கேள்விகளே நிஜமாகவே ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டிலும் இந்தத் துறை ஏன் என்று கேட்டிருப்பார்கள். அப்போது ஒன்றில் முழுதாகச் சொல்லுங்கள், மற்றொன்றில் ஒரு வரியோடு கடந்து போங்கள். ஒரு சம்பவம் இரண்டிலும் வரலாமா என்றால், வரலாம், இரண்டாவது தடவை அது வேறு வேலை செய்ய வேண்டும். நம் ஊரில் தேங்காய் குழம்புக்கும் போகும், கோயிலுக்கும் போகும். உடைப்பது ஒரே மாதிரிதான், போகிற இடம் வேறு. நான் கையாண்ட முறை சுலபமானது. எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு பெரிய தாளில் உங்கள் வாழ்க்கையில் சொல்லத் தக்கது என்று தோன்றும் இருபது சம்பவத்தை ஒற்றை வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய சம்பவமாக இருக்க வேண்டியதில்லை, குழி விழுந்த கோன் போதும். பிறகு ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் போகும் என்று பங்கு வைத்துவிடுங்கள். பங்கு வைத்த பிறகு எழுதினால் சண்டை வராது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும் அப்படித்தானே.

வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்கு அதே கட்டுரையை அனுப்பலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக அனுப்பலாம், அது பாவமில்லை, ஒரு கோப்பு இன்னொரு கோப்போடு பேசிக்கொள்வதில்லை. ஆனால் கேள்வியின் வாசகத்தை ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் படியுங்கள். போன வருஷம் அண்ணன் எழுதிய கேள்வி இந்த வருஷம் இருக்காது. ஒரே கட்டுரைதான் கேட்கிறார்கள் என்றால் இரண்டையும் கோந்து போட்டு ஒட்டாதீர்கள், ஆராய்ச்சிக்கு முக்கால் பங்கு கொடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றினீர்களா என்று கடைசியாக ஒரு தடவை பாருங்கள். எங்கள் துறைக்கு வந்த ஒரு கட்டுரை, போட்டித் துறை ஒன்றைப் புகழ்ந்து, அங்கே சேர்வதே தன் லட்சியம் என்று முடிந்தது. அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம்தான் வந்தது, நானும் ஒரு காலத்தில் அவசரமாகக் கவர் ஒட்டியவன்.

இன்னொருவர் எழுதித் தருவது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் கடையிலேயே மாதிரிக் கட்டுரை விற்பார்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது. இங்கிலாந்தில் இளநிலை விண்ணப்பங்களைக் கவனிக்கும் யூகாஸ் நிறுவனம் 2007-ல் ஒரு சோதனை செய்தது. ஐம்பதாயிரம் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டாவது பிறந்தநாளுக்கு வந்த வேதியியல் பெட்டியை வைத்து விளையாடும்போது பைஜாமாவில் ஓட்டை விழ எரிந்துவிட்டது, அன்றிலிருந்து அறிவியல் ஆசை பிறந்தது என்ற கதை 234 பேர் கட்டுரையில் இருந்ததாம். 234 பைஜாமா! நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பைஜாமாவே கிடையாது, அந்த வகையில் தப்பித்தோம். ஆனால் நமக்கும் நம்முடைய பைஜாமாக்கள் உண்டு. அப்துல் கலாம் ஐயா எங்கள் கல்லூரிக்கு வந்து கைகொடுத்தார் என்று எழுதிய எத்தனையோ கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். கொடுத்திருப்பார், சந்தேகமில்லை. அவர் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கை கொடுத்தவர். ஆனால் அது அவர் கையைப் பற்றிச் சொல்கிறதே தவிர உன் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

இப்போது அந்த மாணவியின் இரண்டாவது கேள்வி. அதை அவர் எழுதியபடியே சொல்கிறேன், அனுமதி வாங்கியிருக்கிறேன். "சார், வீட்டுக் கஷ்டத்தை எழுதித்தான் ஆகணுமா? எங்க வீட்டுல நடந்தது எனக்கு எழுதப் பிடிக்கல. ஆனா எழுதினாத்தான் சீட்டு கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வேண்டாம் அம்மா, என்று எழுதினேன். கேள்வியை நன்றாகப் படித்தால், உன் காயத்தைக் காட்டு என்று எங்கேயும் கேட்கவில்லை. எந்த அனுபவம் உன்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதற்கும் உரிமை இருக்கிறது. படிப்பு இடையில் ஒரு வருஷம் நின்றுபோயிருந்தால், குடும்பச் சூழ்நிலையால் நின்றது, மறுவருஷம் தொடர்ந்தேன் என்று ஒரு வரி போதும். ராமானுஜம் துறைமுகத்துக்கு எழுதியது போல. மீதி இடத்தில் நீ செய்ததை எழுது. அவர் தாவரவியல் மாணவி. மூன்று வருஷமாக மழைக்காலத்தில் குற்றாலம் மலையடிவாரத்தில் பெரணிச் செடிகளைக் கணக்கெடுத்து வருகிறார். தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள் என்பதால், புல் அறுக்கப் போகும் பக்கத்து வீட்டு ஆச்சியைத் துணைக்குக் கூட்டிப் போவாராம். அந்த ஆச்சி செடிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களையும் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். இதை அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருந்தார். கட்டுரையில் இல்லை! கட்டுரை முழுக்க இயற்கையின் மீது எனக்குச் சிறுவயது முதலே தீராத ஆர்வம் என்று இருந்தது, இரண்டிலும்.

அந்த ஆச்சியை ஒரு கட்டுரையில் வை, செடிக் கணக்கை மற்றொன்றில் வை என்று பதில் போட்டேன். போன வாரம் புதுப் பிரதிகள் வந்தன. நோக்கக் கட்டுரையில், முதல் வருஷம் கண்ட ஒரு செடி மூன்றாவது வருஷம் அதே இடத்தில் இல்லை, அது மழையாலா, ஆள் நடமாட்டத்தாலா என்று தன்னிடம் இருக்கும் கணக்கை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். முடியவில்லை என்று எழுதும் தைரியம் எனக்கு அந்த வயதில் இல்லை. மற்றொன்றில் ஆச்சி இருக்கிறார். அதில் ஒரு பத்தி இன்னும் நீளம், குறைக்க வேண்டும், சொல்லியிருக்கிறேன்.

என் அப்பா 2009-ல் காலமானார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. அந்த இரண்டு பழைய கட்டுரைகளின் கார்பன் பிரதி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. இந்தப் பேச்சுக்குத் தயார் செய்ய அவற்றை மறுபடி படித்தேன். ஆங்கிலம் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

மணி ஆகிவிட்டது, சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். நான் நாளையும் மறுநாளும் இலஞ்சியில்தான் இருப்பேன், குமாரர் கோயில் பக்கத்தில் என் தங்கை வீட்டில். விண்ணப்பிக்கப் போகிற மாணவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வரலாம், எழுதியதைக் கொண்டு வாருங்கள். இரண்டு கேட்டிருந்தால் இரண்டையும் கொண்டு வாருங்கள். முதலில் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், பிறகுதான் தாளைப் பார்ப்பேன்.